நாற்பது முழங்கால் மெத்தைகள்

தையற்காரம்மாவிடம் ரகசியம் தங்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. அடுத்தவர் ரகசியம்தான் தங்காது. தன்னுடையதைப் பூட்டிச் சாவியை விழுங்கிவிடுவார்.

அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க முடியாத முதியவர்களை அதே வேனில் காசு வாங்காமல் ஆலயத்துக்கு ஏற்றி வருவார். சனிக்கிழமைகளில் தையற்காரம்மா ஆலயத்தைக் கூட்டித் துடைப்பார். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த சேவை. தெரியாத ஒன்றும் செய்ய வேண்டும் என்று வேன்காரருக்கு ஆசை வந்தது. ஆலயத்தில் மண்டியிடும் பலகைகள் வெறும் மரம். முதியவர்கள் எழும்போது முழங்கால் போடும் சத்தத்தில் ஆமென் காதில் விழாது.

"சோபாவுக்கு எடுத்து வெச்ச பணத்துல மெத்தை தெச்சுப் போட்ருவோம். ஆனா யார் குடுத்ததுன்னு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது. சொல்லிட்டுக் குடுத்தா அது தர்மம் இல்ல, விளம்பரம்."

"நான் எங்க சொல்லப் போறேன்? நாக்கு நீளம் உங்களுக்குத்தான்."

இரண்டு மாதம் தைத்தார், நாற்பது மெத்தை. முதல் மெத்தையில் கணவரை மண்டியிடச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவர் திரும்பி வந்தபோது, அவர் நாற்காலியில் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அன்றே ஸ்பாஞ்சைப் பிடுங்கிவிட்டுக் கெட்டியான நாரை அடைத்தார். உறைக்கு வேன் சீட்டில் போட்ட அதே நீலத் துணி. மொத்தமாக வாங்கினால் மலிவு. ஒரு சனிக்கிழமை, துடைக்கிற சாக்கில், எல்லாவற்றையும் பலகைகளில் கட்டிவிட்டு வந்தார்.

மறுநாள், பெயர் சொல்ல விரும்பாத அந்த நல்ல உள்ளத்துக்குப் போதகர் நன்றி சொன்னார். சபை மொத்தமும் திரும்பி ஃபர்னிச்சர் கடை முதலாளியைப் பார்த்தது. மெத்தை என்றால் அவர்தானே! அவர் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. கண்ணை மூடி லேசாகச் சிரித்தார். தையற்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த மனுஷன் ஜென்மத்துல ஒரு ஊசியில நூல் கோத்திருப்பாரா?" என்று வீட்டில் பொருமினார்.

"பேரு வேணும்னா கல்வெட்டு வெச்சுக்க," என்றார் வேன்காரர், ஞானியைப் போல.

நான்கு வாரம் தையற்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வாரம் ஆராதனை முடிந்த தேநீர் நேரத்தில் அவர் பின்னறையில் கோப்பை கழுவிக்கொண்டிருக்க, போதகரின் மாமியார் கடை முதலாளியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"மெத்தை கல்லு மாதிரி இருக்கு தம்பி."

"அதுக்கென்னம்மா, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வேற மாத்திடறேன்."

தையற்காரம்மா குழாயை மூடினார். வாயைத் திறந்தால் கணவருக்குக் கொடுத்த வாக்குப் போகும். திறக்காவிட்டால் நாற்பது மெத்தையும் குப்பைக்குப் போகும். அவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள், முன்பக்கத்தில் ஞானியின் குரல் கூரையைத் தொட்டது.

"யாரு மெத்தையை யாரு தூக்கிப் போடறது? அது என் பொண்டாட்டி ராப்பகலாத் தெச்சது! யாரும் தூங்கிடக் கூடாதுன்னு பதம் பாத்துத் தெச்சிருக்கா!"



"அதானே! நம்ம வேன் சீட்டு மாதிரியே இருக்கேன்னு நாலு வாரமா யோசிக்கிறேன்," என்றார் வேனில் வரும் ஒரு பாட்டி.

"நான் குடுத்தேன்னு என்னைக்காவது சொன்னேனா?" என்றார் முதலாளி. நியாயம்தான். வாய் திறக்காமல் ஒரு குடும்பம் கொடுத்தது. வாய் திறக்காமல் அவர் பெயரை வாங்கிக்கொண்டார். மெத்தைகள் பிழைத்தன. மாமியாருடையதில் மட்டும் ஒரு அடுக்கு ஸ்பாஞ்சு சேர்த்துத் தருவதாகத் தையற்காரம்மா அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

வேன் கிளம்பியதும் கணவரைப் பிடித்துக்கொண்டார். "நாலு வாரம் கட்டிக் காப்பாத்தினேன். ஒரே நொடியில போட்டு ஒடச்சிட்டீங்களே, வெக்கமா இல்ல?"

"வாய் தவறிடுச்சு. விடு."

தெருமுனை திரும்பியதும் தையற்காரம்மா மெல்ல ஆரம்பித்தார்.

"பொண்டாட்டின்னு என்னமோ சொன்னீங்களே... குழாய் சத்தத்துல சரியாக் கேக்கல. என்ன சொன்னீங்க?"

வேன்காரர் தொண்டையைச் செருமினார். "அது என் பொண்டாட்டி..."

"இல்லப்பா," என்றார் பின்சீட்டுப் பாட்டி. "யாரு மெத்தையைன்னுதானே ஆரம்பிச்ச? முதல்லேருந்து சொல்லு."