சித்தப்பாவின் திங்கட்கிழமை மனு

திங்கட்கிழமை வந்தால் இன்றும் எனக்குச் சித்தப்பாவின் பதக்கங்கள்தான் நினைவுக்கு வரும். கார்கில் போரில் வாங்கியவை. அவற்றைச் சட்டையில் குத்திக்கொண்டு, வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் மனு கொடுக்கும் வரிசையில் நொண்டிக் காலோடு நிற்பார். சுற்றிலும் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஆட்கள் நிற்க, இவருக்கு ஒரே கோரிக்கை: தன்னோடு வாழும் ஜீப் டிரைவரின் பெயரைத் தன் ரேஷன் கார்டில் சேர்க்க வேண்டும், துணைவர் என்று.

"நண்பர்னு போட்டுக்குங்களேன்" என்று எழுத்தர் தலையைச் சொறிவார்.

"பத்து வருசமா என் காலுக்குத் தைலம் தேச்சிக்கினு இருக்காரு. நண்பரா சார் அது?" என்பார் சித்தப்பா.

ஆணை நேசிக்கும் ஆண் என்று அவர் ஊரறியச் சொன்னது, சட்டம் மாறுவதற்கு வெகு முன்பே. அப்படி நேசித்ததற்காக வீட்டில் அடிபட்டவர்கள் திருக்கோவிலூரிலிருந்தெல்லாம் அவரைத் தேடி மலையேறுவார்கள். சாமைச் சோறு போட்டு, காவல் நிலையம்வரை கூடவே போவார். பேப்பரில் அவர் படம் வந்த அன்று, களமருதூரில் இருந்த என் அப்பா, "எனக்குத் தம்பியே கெடையாது" என்று கூடப்பிறந்தவரைத் தலைமுழுகினார். ஒன்பது வருடம் பேச்சில்லை. நான் மட்டும் திருட்டுத்தனமாகப் போய்வருவேன். அப்பாமேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

டிரைவர் மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்த அவருடைய உறவுக்காரர்கள் சித்தப்பாவிடம், "நீங்க இன்னா மொறைங்க?" என்றார்கள். இருவரும் சேர்ந்து கட்டிய வீட்டின் வாசலிலேயே அவரை அந்நியராக உட்கார வைத்தார்கள். பதினாறு நாளும் அவர் அழவில்லை.

கருமாதியன்று அப்பா வந்து இறங்கினார். நான் சாவுச் செய்தி சொன்னபோது 'ம்' கொட்டியதோடு சரி. வருவார் என்று நினைக்கவேயில்லை. கையில் தாம்பாளம், அதில் மஞ்சள் தடவிய புது வேட்டி. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அவள் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துவானே, அந்தக் கோடித்துணி. ஓர் ஆணுக்காகத் துக்கம் காக்கும் ஆணுக்கு அதைப் போட்டு எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

டிரைவரின் பெரியப்பா வழிமறித்தார். "இன்னாங்க இது? யாருக்கு?"

"என் தம்பிக்குங்க. பொறந்த வூட்டுக் கோடி. அண்ணங்காரன் நான் உசுரோட இருக்கசொல்ல வேற யாரு போடுவா?"

பெரியப்பா விலகி வழிவிட்டார். அப்பா வேட்டியைப் பிரித்துச் சித்தப்பாவின் தோளில் போர்த்தினார். சித்தப்பா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, அவுரு பூட்டாருண்ணா" என்று ஊரே கேட்கக் கதறினார்.