ரவுட்டர் வாங்க ஒரு கமிட்டி

முந்தின வாரம் எங்கள் வீட்டில் ஒருத்தி உறைந்துபோனாள்.

பயப்படாதீர்கள்... கம்ப்யூட்டர் ஸ்கிரீனில்தான். என் மகள் சஹானாவுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. புனேயில் ஒரு கம்பெனி. அவர்கள் ஏதோ கேட்க, இவள் பதில் சொல்ல வாயைத் திறக்க, அந்த நேரம் பார்த்து வைஃபை நின்றுவிட்டது. திறந்த வாயும் பாதி மூடிய கண்ணுமாக அவள் முகம் அவர்களுடைய ஸ்கிரீனில் வெகுநேரம் அப்படியே இருந்திருக்கிறது.

நல்ல மனிதர்கள். அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தரம் பேசலாம் என்று மெயில் அனுப்பினார்கள். அன்றைக்காவது நல்ல கனெக்‌ஷனோடு வரும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியுமா? படிப்பு முடித்து ஒரு வருஷமாக வேலை தேடுகிற பெண். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

புது ரவுட்டர் வாங்கிவிடுவது என்று முடிவானது. இதில் என்ன கஷ்டம்? கடைக்குப் போனோமா, வாங்கினோமா, வந்தோமா?

அதெல்லாம் உங்கள் வீட்டில். எங்கள் வீட்டில் ஒரு பர்ச்சேஸ் ஆபீசர் இருக்கிறார்.

என் கணவருக்கு மத்திய அரசின் ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றில் வேலை. ஹைதராபாத்தில் தடுக்கி விழுந்தால் அப்படி ஒரு நிறுவனத்தின் காம்பவுண்டு சுவரில்தான் விழ வேண்டும் என்பதால், எது என்று நீங்கள் தேட வேண்டாம். யாருக்கு என்ன தேவை என்று எழுதி வாங்குவது, ஸ்பெசிஃபிகேஷன் தயாரிப்பது, கொட்டேஷன் கேட்பது, கமிட்டி போடுவது, கடைசியில் — எல்லோருக்கும் ஆயுசு இருந்தால் — பொருளை வாங்குவது. இதை ஆபீசில் செய்தால் சம்பளம் தருகிறார்கள். மனிதர் வீட்டிலும் செய்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டி கூடியது. அவரே சேர்மன், அவரே மெம்பர். காபி கொண்டுபோகும்போது மட்டும் நான் ஸ்பெஷல் இன்வைட்டி. சஹானா ‘யூசர் டிபார்ட்மென்ட்’டாம். உன் தேவை என்ன என்று அவளைக் கேட்டார்.

“மீட்டிங் நக்கோ அப்பா. ஃபாஸ்ட்டா ஒரு ரவுட்டர் காவாலி, அன்தே” என்றாள். மீட்டிங் வேண்டாம், வேகமான ரவுட்டர் வேண்டும், அவ்வளவுதான் என்று அர்த்தம். செகந்திராபாத்தில் படித்து வளர்ந்த பெண்ணுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், எல்லா மொழியும் ஒன்றாக வரும்.

‘தேவை: ஃபாஸ்ட்’ என்று குறித்துக்கொண்டார். அப்புறம் ஸ்பெசிஃபிகேஷன். மே மாத வெயிலைத் தாங்க வேண்டும். மழைக்காலத்து ஈரத்தைத் தாங்க வேண்டும். ஆன்டெனா எத்தனை, அது எந்தப் பக்கம் மடங்க வேண்டும், வாரன்டி எத்தனை வருஷம், ரிப்பேர் என்றால் வீட்டுக்கு வருவார்களா... ஏவுகணையில் பொருத்துவதற்கு வாங்குகிறாரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

திங்களும் செவ்வாயும் செகந்திராபாத் கடைகளில் ஏறி இறங்கினார். ஒரே ஒரு ரவுட்டருக்கு லெட்டர்ஹெட்டில் கொட்டேஷன் கேட்டதும் ஒரு கடைக்காரர், “கைக்கு சாப்?”, அதாவது எதற்கு சார் என்று, பரிதாபமாகக் கேட்டாராம். எதற்கு என்று சொல்லிப் புரியவைத்துவிட்டு வந்தேன் என்று பெருமையாக வேறு சொன்னார்.

புதன்கிழமை சாயந்திரம் ரவுட்டர் வந்தது. கறுப்பாக, பெரிதாக, எட்டு ஆன்டெனாக்களோடு. ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தார். ஹாலில் வைஃபை பறந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சஹானா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்கட்டில் இருக்கும் தன் ரூமுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். அங்கே சுத்தம். ஒன்றும் இல்லை.

எப்படி இருக்கும்? என் மாமனாரின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய வீடு இது. கருங்கல் சுவர்கள். செல்போனில் பேசவே வாசல் கேட்டுக்குப் போகிறோம். ஹாலுக்கும் அவள் ரூமுக்கும் நடுவில் அப்படி மூன்று சுவர்கள். எட்டு ஆன்டெனா இல்லை, எண்பது வைத்தாலும் அதைத் தாண்டாது. ரூமுக்கு ஒன்றாகச் சின்ன வைஃபை பெட்டிகளை வைத்திருக்கலாம். இல்லையென்றால் ஒரு வயரை இழுத்து விட்டிருக்கலாம். இத்தனை ஆராய்ச்சி செய்த கமிட்டி, யூசர் எந்த ரூமில் உட்காருவார் என்று மட்டும் கேட்கவில்லை. அதே வீட்டில்தான் குடியிருக்கிறது, கமிட்டி!

அதற்கு மேல் நேரம் இல்லை. ஹாலிலேயே இன்டர்வியூ என்று முடிவானது. வியாழக்கிழமை சஹானா நல்ல சல்வார் போட்டு, டிவி முன்னால் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தாள். இவர் லீவு போட்டிருந்தார். ‘இன்ஸ்டலேஷன் மேற்பார்வை’யாம்.

ஆரம்பிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது ரவுட்டர் அணைந்தது.

கரண்ட் போகவில்லை. ரவுட்டர் பெரிது, அதனால் அடாப்டரும் பெரிது. எங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டோ பழசு. கனம் தாங்காமல் அடாப்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்திப் பிடித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது. சஹானாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் லேப்டாப் கேமராவில் படாமல் தரையில் உட்கார்ந்தார், அடாப்டரைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார், ஆரம்பி என்று தலையாட்டினார்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் இன்டர்வியூ எடுத்தவர்களில் ஓர் அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். நன்றாகத் திட்டமிட்டும் தப்பாகப் போன ஒரு முடிவைப் பற்றிச் சொல்லுங்கள், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?

சஹானா ஒரு தரம் தரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் கையை ஆட்டுவதைப் பார்க்கவில்லை. ஆரம்பித்துவிட்டாள்... கமிட்டி, ஸ்பெசிஃபிகேஷன், மூன்று கொட்டேஷன், மூன்று சுவர், எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் மட்டும் சொல்லவில்லை, ‘எங்கள் வீட்டு பர்ச்சேஸ் ஆபீசர்’ என்றாள். அங்கே குபீரென்று சிரிக்கிறார்கள்.

எனக்குத் திக்கென்றது. கோபம் வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போகிற மனிதர் அவர். இப்போது கையில் இருப்பது என்ன? அவர் காது சிவந்துவிட்டது. முழங்கால் வலித்திருக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்தார். வலது கையிலிருந்து இடது கைக்கு மெதுவாக மாற்றிக்கொண்டார். விடவில்லை.

சஹானா தொடர்ந்தாள். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “வாங்குவதற்கு முன்னால் உபயோகிக்கப் போகிறவரின் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அந்த ஆபீசர் இப்போது என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் நான் உங்களோடு பேச முடிகிறது.”

அப்புறம் அந்த அம்மாள், அவரைப் பார்க்கலாமா என்று கேட்டார். சஹானா லேப்டாப்பைத் திருப்பினாள். ஒரு கை சுவரில் இருக்க, இன்னொரு கையால் பாதி வணக்கம் வைத்தார் என் கணவர். ஏதாவது உருக்கமாகச் சொல்லுவார் என்று நான் முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன்.

“ஒரு சின்னத் திருத்தம், மேடம். கொட்டேஷன் மூன்று இல்லை, நான்கு. ஒன்று லேட்டாக வந்ததால் கன்சிடர் பண்ணவில்லை.”

சனிக்கிழமை மெயில் வந்தது. சஹானாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஆகவே, எந்த ரவுட்டர் வாங்கலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு: முதலில் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அதற்கப்புறமும் தப்பானதைத்தான் வாங்கினீர்கள் என்றால், தரையில் உட்கார வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.