சுடலைமுத்து கொட்ட வைத்த பனி

சுடலைமுத்துவைப் போலத் தூங்குகிறவனை ஓசூர் சிப்காட் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்குவான். இறங்கி நடக்கும்போதும் தூங்குவான். ஒருமுறை தூக்கத்திலேயே டீ வாங்கிக் குடித்து, சர்க்கரை கம்மி என்று கடைக்காரரோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தான் என்று அவன் குடியிருக்கும் லைன் வீட்டில் எல்லாரும் சத்தியம் செய்வார்கள்.

அவனுக்கு இன்னொரு திறமையும் உண்டு: பொய். கெட்ட பொய் இல்லை, உள்ளதை ஊதிப் பெரிதாக்குவான். கெலவரப்பள்ளி அணையில் அவன் பார்த்த மீன் பஸ் நீளம். பக்கத்துத் தளி ஊர்க் குளிரில் முட்டைக்கோசு அவனிடம் போர்வை கேட்டதாம்.

அந்த வாயால்தான் மாட்டிக்கொண்டான். மனைவி தங்கமணியும் மகள் ரஞ்சிதாவும் தென்காசிப் பக்கம் சொந்த ஊரில் இருந்தார்கள். மகளின் பள்ளிக்கூடம் அங்கே. அப்பனைத் திருவிழாவுக்குத் திருவிழாதான் பார்ப்பாள். இந்த அரையாண்டு லீவுக்கு ஓசூர் வாம்மா என்று போனில் கூப்பிட்டால், "வந்து? நீ தூங்குறத பாக்கணுமாக்கும்? நா வரல" என்றாள்.

சுடலைமுத்து விடவில்லை. "ஏ தாயி, இங்க ஐஸ் ஐஸா பனி கொட்டுது, தெரியுமா? வாசல்லயே கிறிஸ்துமஸ் மரம் நிக்கு. ஒரே வெள்ள!"

 "நெசமாவா? அப்பம் வாரேன்" என்றது குரல்.

சொல்லிவிட்டுத்தான் வாசலைப் பார்த்தான். அங்கே நின்றது வீட்டுக்கார அம்மா வெங்கடம்மாளின் செம்பருத்தி. ஓசூரில் விடிகாலை மூட்டம் வரும், ஆனால் அள்ளினால் கையில் ஒன்றும் நிற்காது. மகள் வந்து உதட்டைப் பிதுக்கினால் இனி எந்த லீவுக்கும் வரமாட்டாள். அது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவர்கள் பஸ் ஏறும் அன்று, அந்தச் செம்பருத்தியையே கிறிஸ்துமஸ் மரமாக்க லைன் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டினான். தலைவி மேகலா, மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா பொற்கொடிக்கு ரோஜாப் பண்ணையில் வேலை. மொட்டு அவசரப்பட்டு விரிந்துவிடாமல் இருக்க அங்கே ஒவ்வொன்றுக்கும் வெள்ளையாக ஒரு வலைக் குல்லா மாட்டுவார்கள். நைந்துபோனது, கழித்துப் போட்டது என்று ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்திருந்தாள் பொற்கொடி. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளியில் பிள்ளைகள் நட்சத்திரம் வெட்டினார்கள். கம்பெனியில் காதை அடைக்கக் கொடுக்கும் ஆரஞ்சு இயர் பிளக்குகளை சுடலைமுத்து நூலில் கோத்துப் பழக்குலை ஆக்கினான்.

"மாமா, இது உங்க காதுல இருந்ததா? உவ்வே!"

"ஏட்டி, சோப்பு போட்டு ஒம்பது தண்ணி அலசியாச்சு. இனி அது பழம். கிளி கொத்திட்டுப் போகாம பாத்துக்க."

மத்தியான வெயில் போர்வை மாதிரி மேலே விழுந்தது. குல்லாவையெல்லாம் மரத்தில் மாட்டுங்கள் என்று சொன்னதுவரை அவனுக்கு ஞாபகம் இருந்தது. பிறகு வெள்ளையாக ஏதோ மெல்ல இறங்க ஆரம்பித்தது. பிரஸ் மிஷின் சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. அதன் முதுகில் வெள்ளை படிந்தது. ரஞ்சிதா அதில் கால் பதித்து நடந்து வந்தாள், வந்துகொண்டே இருந்தாள், கிட்டே மட்டும் வரவில்லை.

"என்னாப்பா இது!"

வெங்கடம்மாளின் சத்தத்தில் விழித்தான். கிளையில் தொங்கவிடத்தான் அவன் சொன்னான். பிள்ளைகளோ தங்களுக்குத் தெரிந்தபடி மாட்டியிருந்தார்கள். கைக்கு எட்டிய செம்பருத்தி மொட்டு ஒன்று பாக்கியில்லாமல் வெள்ளைக் குல்லாவுக்குள் இருந்தது.

"எங்கம்மா இப்டிதான் மாட்டும்" என்றாள் மேகலா பெருமையாக.

"நாளிக்கி என் சாமிக்கு என்னாத்த வெக்கிறது? குல்லாவயா?" வெங்கடம்மாள் இடுப்பில் கை வைத்தார். "காத்தால எழுந்ததும் எல்லாத்தயும் உருவிப் போட்டுடுவேன், ஆமா!"

"அக்கா, எம் பிள்ள வருது. அது ஒரு தடவ பாத்துரட்டும்க்கா."

"பாத்து?"

சுடலைமுத்து தன் பொய்யைச் சொன்னான். ஊதாமல், உள்ளபடி. வெங்கடம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று ஷிப்டுக்கு லீவு போட்டுப் படுத்தும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. சுடலைமுத்துவுக்குத் தூக்கம் வரவில்லையாம் என்று கேட்டு லைன் வீடே பயந்துபோனது.

விடிகாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மனைவியையும் மகளையும் ஆட்டோவில் கூட்டி வந்தான். ரஞ்சிதா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கண் மட்டும் தெரியும் ஒரு மூட்டையாக இறங்கினாள். தெருவை மூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் மரம் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல நின்றது. வெள்ளைக்கு நடுவே ஆரஞ்சுப் பழம், ஆங்காங்கே வெள்ளி மினுக்கம். ஒரு குல்லா குறையவில்லை. வெங்கடம்மாள் தெருமுனையில் வாங்கிய சாமந்தியைக் கூடையில் வைத்துக்கொண்டு, எதுவும் தெரியாதவர்போல நின்றார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

ரஞ்சிதா கிட்டே போய் ஒரு குல்லாவை விரலால் அமுக்கினாள்.

"எப்பா, இது பனியா?"

ஆயிரம் பொய்கள் அவன் தொண்டையில் வரிசையில் நின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. "இல்ல தாயி. ரோஜாவுக்குப் போடுத குல்லா."

"தெரியும். ஓசூர்லல்லாம் பனி கொட்டாதுன்னு டீச்சர் அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"பெறகு எதுக்குட்டி வந்த?"

"நீ என்ன செஞ்சு வச்சிருப்பன்னு பாக்கத்தான்."

தங்கமணி சிரித்தாள். "பஸ்ஸுல பூரா இதே பேச்சுதான். என்னையத் தூங்க விட்டாளா?"

ரஞ்சிதா மரத்தைச் சுற்றி வந்தாள். "உச்சியில ஒண்ணையும் காணுமே?"

"எங்களுக்கு எட்டல" என்று மேகலா மிச்சமிருந்த குல்லாக்களை நீட்டினாள். "மொட்டப் பாத்து மாட்டணும். காம்ப ஒடிச்சிறாத."

சுடலைமுத்து மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். மூட்டம் இன்னும் கீழே இறங்கியது. மரத்தின் தலை மறைந்தது, மகளின் தலையும் மறைந்தது. மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இன்னும் கொஞ்சம் தூக்கு எப்பா."