விருது வரும் வரை பாடக் கூடாது என்றார்கள்

சாவு வீட்டில் ஒப்பாரி பாடுவது என் தொழில். கூப்பிட்டால்தான் போவேன். அடையாற்றங்கரைக் குடிசைகளை இடித்து எங்களை ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகும் தேடி வந்து கூப்பிடுகிறார்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அரவிந்த், தாயை இழந்த மகளுக்காக நான் கட்டிய பாட்டைப் பதிவு செய்தார். மழைச் சத்தமெல்லாம் சேர்த்து ஆல்பமாக்கினார். அது ஒரு விருதின் கடைசிச் சுற்றுக்குப் போனது. நிறைய விற்ற ஆல்பத்துக்கு அந்த விருது கிடையாதாம், கலைக்கு மட்டும்தானாம். நல்ல எண்ணம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு அரவிந்த் வந்தார்.

"அம்மா, ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தப் பாட்டை எங்கயும் பாடாதீங்க."

"இன்னாத்துக்கு நைனா?"

"யாராவது போன்ல எடுத்துப் போட்டு வைரல் ஆயிட்டா, கமர்ஷியல்னு ஜூரி நம்மளத் தூக்கிடுவாங்க. கேக்க வேண்டிய நாலு பேர் கேட்டா போதும்மா."

"நாலு பேர் தூக்கறதுக்குப் போதும். கேக்கறதுக்குப் பத்தாது."

அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே முனியம்மா செத்துப்போனாள். என்னோடு சேர்ந்து பாடியவள். அவள் மகள் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிம்மா, அம்மாவுக்கு அந்தப் பாட்டப் பாடு" என்றாள். அரவிந்தின் முகம் ஒருமுறை நினைவுக்கு வந்தது. முனியம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து முழுதாகப் பாடினேன்.

யாரோ போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். தி.நகரில் ஆட்டோக்காரர்கள் வரை கேட்டார்கள். பத்துப் பேர் அழுத பாட்டு கலையாகாது என்று ஜூரிக்குத் தோன்றியிருக்க வேண்டும், ஆல்பத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மயிலாப்பூரில் நடந்த விழாவுக்கு நானும் போனேன். எப்பேர்ப்பட்ட பாட்டு ஜெயித்தது என்று பார்க்க வேண்டாமா? அதைப் போட்டார்கள். பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு மாமி, "முடிஞ்சுடுத்தா, இன்னும் இருக்கா?" என்று கேட்டார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மாமியும்தான்.

வாசலில் அரவிந்த் நின்றிருந்தார். "ஒரு வாரம் பொறுத்திருந்தா நமக்கு வந்திருக்கும்மா."

"பொணம் ஒரு வாரம் பொறுக்குமா நைனா?"

இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டுடியோவிலிருந்து யார் வந்தாலும், இதே பாட்டை நாளைக்குச் சாவு வீட்டில் பாடலாமா என்று முதலில் கேளுங்கள். அதற்கு யோசிக்கிறவர்கள் அனுப்பும் வண்டியில் நான் இப்போது ஏறுவதில்லை.