ஹம்மாமில் பெண் பார்த்த உம்மு ஹானி

உம்மு ஹானி எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். கனடாவின் அஜக்ஸ் நகரில் வீடு பார்க்கப் போனபோது, ஏஜென்ற் சமையலறையைப் புகழ்ந்துகொண்டிருக்க, இவர் மேல்மாடிக்கு ஏறி ஒவ்வொரு கழிவறையிலும் தண்ணீரை இழுத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகுதான் விலையையே விசாரித்தார்.

மகன் ஸியாத்துக்குப் பெண் பார்க்கும் நேரத்தில்தான் இந்தச் சாமர்த்தியம் செல்லவில்லை. ரினோஸா என்ற பெண்ணை அவனாகவே விரும்பிவிட்டான். பிக்கரிங்கில் ஒரு பல் வைத்தியரிடம் பல் துப்புரவாக்கும் வேலை அவளுக்கு. பெண் வீட்டுக்குப் போனால், அவள் தலையைக் குனிந்தபடி வட்டிலப்பம் பரிமாறினாள். கேட்டதற்கெல்லாம் “ஓம் அன்ரி” என்றாள். உம்மு ஹானிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் அவரோடு வேலை செய்த ரஷீதா என்ற மொரோக்கோக்காரிதான் வழி சொன்னாள். அவளுடைய ஊரில் அந்தக் காலத்து மாமியார்மார் பெண் பார்ப்பது பொதுக் குளியலறையான ஹம்மாமில்தானாம். அங்கே மேக்கப்பும் இல்லை, நகையும் இல்லை. ஆவியில் கிடந்தால் குணமும் தானாக வெளியே வந்துவிடுமாம். மிசிசாகாவில் பெண்களுக்கென்றே ஒரு ஹம்மாம் இருப்பதாகவும் சொன்னாள்.

உம்மு ஹானி உடனே போனை எடுத்தார். “மகள், எனக்கு முழங்கால் வலி. ஹம்மாம்ல சூடு புடிச்சா நல்லமாம். தனியப் போகப் பயமா இரிக்கி. நீங்க வாறீங்களா?”

“ஓம் அன்ரி” என்றாள் ரினோஸா. 401 நெடுஞ்சாலையில் காரையும் அவளே ஓட்டினாள்.

உம்மு ஹானி பத்திக் துணியைக் குறுக்குக் கட்டாகக் கட்டிக்கொண்டு ஆவி அறைக்குள் நுழைந்தார். சூடேறிய கல்மேடையில் இருவரும் உட்கார்ந்து, ஒலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சவுக்காரத்தைப் பூசி ஊறினார்கள். தேய்த்துவிட வந்த பெண்ணிடம் ரினோஸா ஏதோ சொல்லி, அவள் கையிலிருந்த சொரசொரப்பான உறையை வாங்கித் தன் கையில் மாட்டினாள்.

“குப்புறப் படுங்க அன்ரி. நானே தேய்க்கிறன்.”

என்ன அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டே உம்மு ஹானி படுத்தார்.

“அன்ரி, ஸியாத் சமைப்பாரா?”

“முட்ட பொரிப்பான்.”

“வேற?” உறை முதுகில் அழுந்தியது.

“நூடில்ஸ்…” இன்னும் அழுந்தியது. “அல்லாஹ்வே! ஒண்டும் தெரியாது மகள்! திண்ட கோப்பையும் கழுவமாட்டான்!”

கை இளகியது. “கலியாணம் முடிச்சு நாங்க தனிய இருக்கப் போனா கோவிப்பீங்களா?”

“சே, எனக்கென்ன கோவம்?”

உறை கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே இழுவையாக இறங்கியது.

“கோவிப்பன்! கோவிப்பன்!”

“எவ்வளவு காலத்துக்கு?”

“நோம்புப் பெருநாள் வரைக்கும்!”

ரினோஸா சிரித்துவிட்டாள். உருண்டு திரண்ட அழுக்கை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினாள். “இங்க பாருங்க அன்ரி.”

“அது என்ட இல்ல, சவுக்காரத்துட கறுப்பு!” என்று எழும்பிய உம்மு ஹானி அவளை உற்றுப் பார்த்தார். “புள்ள, நீங்க என்னச் சோதிக்கவா வந்த?”

“ஹம்மாம் எண்டதும் கூகிள் பண்ணினன். பெண் பார்க்கத்தான் கூப்பிடுறீங்க எண்டு விளங்கிற்று. அப்ப நானும் மாமியைப் பார்க்கத்தானே வேணும்?”

உம்மு ஹானிக்குச் சுவர் அதிரச் சிரிப்பு வந்தது. உறையைப் பிடுங்கித் தன் கையில் மாட்டினார்.

“இப்ப நீங்க படுங்க. ஸியாத்துக்கு முந்தி ஆரையும் விரும்பினீங்களா?”

“இல்லை… ஆ! அன்ரி, ப்ளீஸ்! ஓம், ஸ்கூல்ல, கிரேட் டென்ல ஒருத்தன்!”

“அவன் சமைப்பானா?”

“நல்லாச் சமைப்பான்!”

குளித்து முடித்து வெளியே வந்ததும் புதினாத் தேநீர் தந்தார்கள். சீனி தாராளம். உம்மு ஹானி இரண்டாவது கிளாஸுக்குக் கையை நீட்டினார்.

“மாமி, உங்களுக்குச் சுகர் இருக்காம். ஸியாத் சொன்னவர்.”

அந்த ‘மாமி’ காதில் விழுந்ததும் உம்மு ஹானியின் கை அப்படியே நின்றது. பிறகு கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். “அவனுக்குச் சொல்லாதீங்க” என்றார்.

“சொல்லமாட்டன்.”

வீட்டு வாசலில் ஸியாத் தவிப்போடு நின்றான். “என்ன உம்மா, எப்பிடி?”

“நான் பாஸ். நீதான் பெயில்” என்றபடி உம்மு ஹானி அவனைக் குசினிக்குத் தள்ளிக்கொண்டு போனார். “முதல்ல வெங்காயத்த எடு.”