தமிழில் தேர்வு எழுதியவர்கள்

நேற்று மகளின் பழைய ஹெட்ஃபோனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காதுப் பஞ்சு உதிர்ந்து கையெல்லாம் கருப்பு. வியர்வையும் ரப்பரும் கலந்த அந்த வாடை வந்ததும், சொன்னால் சிரிப்பீர்கள், டிரைவிங் லைசென்ஸ் தேர்வுக் கூடம் ஞாபகம் வந்துவிட்டது. வரிசையாகக் கணினிகள். ஒவ்வொன்றின் முன்னும் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு மனிதர், முகத்தில் பள்ளிக்கூடத்துப் பரீட்சைப் பயம்.

அந்த ஹெட்ஃபோன்களுக்குள் கொஞ்ச காலம் என் குரல் ஒலித்தது.

அப்போது கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில் குடியிருந்தோம். பொழுது போகாமல் ஒரு டிரைவிங் ஸ்கூல் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். (எனக்கு இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது. அது தனிக் கதை.) ஒருநாள் அரசு அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. கணினித் தேர்வில் தமிழையும் சேர்க்கப் போகிறார்களாம். கேள்விகளை மொழிபெயர்த்து வாசித்துப் பதிவு செய்ய ஆள் வேண்டுமாம். ஊரில் தமிழுக்காகக் கெஞ்சுகிறோம், இங்கே யாரோ கூப்பிட்டுக் கொடுக்கிறார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொறுப்பிலிருந்த அதிகாரி மென்மையானவர். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். உங்கள் மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

நானோ கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். ரவுண்டபவுட்டை ‘வட்டச்சந்தி’ ஆக்கினேன். ஓவர்டேக் ‘முந்திச்செல்லல்’ ஆயிற்று. கேள்விகளை இந்தியில் மொழிபெயர்த்தவர்கள் ரவுண்டபவுட்டை அப்படியே விட்டிருந்தார்கள். பாவம், மொழிப்பற்று இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கணவருக்கு வழி சொல்லும்போது நானும் ரவுண்டபவுட் என்றுதான் சொல்வேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

தமிழில் தேர்வு எழுத முதலில் வந்தவர் முருகேசன். பரமக்குடிக்காரர், ஒரு கம்பெனியில் ஹெல்பர். சுமை தூக்கியே முதுகு போய்விட்டது. லைசென்ஸ் எடுத்தால் பிக்கப் வண்டி ஓட்டலாம்.

“தமிழ்ல வந்துருச்சாமே மேடம்! இனி என்னா கவலை?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வெளியே வரும்போது சிரிப்பு இல்லை.

“வட்டச்சந்தின்னா என்னா மேடம்? நம்ம வாரச்சந்தை மாதிரி ஏதோன்னு நெனச்சுப் பட்டனை அமுக்கிட்டேன்.”

ரவுண்டபவுட்தான் என்று சொன்னேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. “அந்தம்மா நல்லாத்தான் வாசிக்குது. எனக்குத்தான் வெளங்கல.”

அந்தம்மா நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கே அதிகாரியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அரசாங்கத் தேர்வில் கொச்சைத் தமிழா என்று ஒரு பிடிவாதம். இரண்டாம் முறையும் முருகேசன் தோற்றார். இன்னொரு தடவை தோற்றால் தேர்வுக்கு லீவு கிடையாது, கலாஸ், அவ்வளவுதான் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டாராம். பிறகு வந்த தமிழர்களும் அப்படித்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் முறை ரூம் நண்பர் பேச்சைக் கேட்டு முருகேசன் இந்தியில் எழுதினார். பாஸ். எனக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தார்.

“சைட்ல பேசுற இந்திதான் மேடம் தெரியும். ஆனா அதுல ரவுண்டபவுட்ட ரவுண்டபவுட்டுன்னே சொல்றான். கேம்ப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், தமிழ்ப் பக்கம் போயிராதீங்கடா, கஷ்டம்னு.”

பரமக்குடியில் பிறந்த மனிதர் தமிழ் கஷ்டம் என்கிறார். மீதி லட்டைக் காகிதத்தில் மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். அதிகாரியிடம் கொண்டுபோய், தப்பு என்னுடையது, மறுபடி வாசித்துத் தருகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். புதிய மென்பொருள் வந்துவிட்டது, யாரும் தேர்ந்தெடுக்காத மொழிகளை எடுத்துவிட்டோம் என்றார். “உங்கள் ஆட்களுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன். முன்பே வந்திருக்கலாமே.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாங்கள் இன்னும் தோஹாவில்தான் இருக்கிறோம், அந்த ஸ்கூல்தான் இப்போது இல்லை. போன மாதம் ஆர்டர் செய்த சாப்பாட்டைக் கொண்டுவந்த தஞ்சாவூர்த் தம்பி, லைசென்ஸ் தேர்வுக்கு இந்தி படிப்பதாகச் சொன்னான். ஒரு காலத்தில் தமிழிலேயே எழுதலாம் என்றேன்.

“தமிழ்லயா? சும்மா சொல்லாதீங்கக்கா” என்று சிரித்துவிட்டு லிஃப்டுக்கு ஓடினான்.