சைலன்சர் கழற்றிய வாரம்

என் மனைவியை நான் நாலு மாதம் புகைக்குள் உட்கார வைத்து ஊர்வலம் விட்டேன். வேறொருவர் செய்திருந்தால் அவர்மேல் வழக்குத் தொடுக்க நானே வக்காலத்துப் போட்டிருப்பேன். செய்தது நானாகிவிட்டதால் சங்கதி வீட்டோடு அமுங்கிப் போயிற்று.

அப்போது நான் பத்மநாபபுரம் கோர்ட்டில் வக்கீல். வழக்குகள் குறைவாக இருந்ததால்தான் கார் வாங்கினேன். காரில் வந்து இறங்குகிற வக்கீலைத் தேடிக் கட்சிக்காரர்கள் வருவார்கள் என்பது என் சட்ட ஞானம். யுத்தத்துக்கு முந்தின வண்டி. முட்டத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் பல வருஷம் நின்றது. உப்புக் காற்று அதன் அடிவயிற்றைத் தின்றிருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. மேலே பாலிஷ் மின்னியது, அதில் என் முகமும் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

பின் ஜன்னல்களுக்கு நீலத் திரை தைத்துப் போட்டதும் நான்தான். குடும்பப் பெண்கள் காரில் போனால் பின் சீட்டில், திரைக்குள் இருக்க வேண்டும். முன் சீட்டில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து போனால் மறுநாள் குளத்துப் படித்துறையில் அதுதான் பேச்சு. நான் முன்னால் காற்று வாங்கிக்கொண்டு ஓட்டுவேன். அவள் பின்னால், கண்ணாடி ஏற்றி, திரை இழுத்து.

அந்த வருஷம் எங்களுக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதோடு அவளுக்கு ரத்தம் வற்றிவிட்டது. நகத்தைப் பார்த்தால் வெள்ளைத் தாள். வாரம் ஒரு ஊசி, ஒன்றுகூட விடக்கூடாது என்றார் நாகர்கோவில் டாக்டர். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர அந்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

முதல் நாளே பின்னாலிருந்து குரல் வந்தது.

“இஞ்சேருங்கோ, இங்க ஒரு மாதிரி மணக்குது.”

“பெட்ரோல் மணம். பழகீரும்” என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். எஞ்சினுக்குள் பெட்ரோல் எப்படி எரிகிறது என்று தக்கலை தாண்டும்வரை விளக்கினேன். பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வாரத்தில் ஆறு நாள் கொஞ்சம் தேறுவாள். ஊசி நாளன்று விழுந்துவிடுவாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். ஊசி உடம்புக்குச் சேரவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தில். மனசுதான் காரணம் என்றேன் நான். மனசைப் பற்றி மூன்று புத்தகம் படித்திருந்தேன். எங்கள் தாலுகா திருவிதாங்கூரோடு இருப்பதா தமிழ்நாட்டோடு சேருவதா என்று ஊரெல்லாம் கூட்டம் நடந்த காலம்; அதிலும் எனக்கு அபிப்பிராயம் இருந்தது. என் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது ஒன்றுதான் தெரியாது.

ஒரு மத்தியானம் அவள் பெட்டியைத் திறந்துவைத்து, எந்தப் புடவை எந்தத் தங்கைக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி இது?”

“இனி நான் ஊசிக்கு வரல்ல. போயிட்டு வார ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைக்கேன். வீட்டில கெடந்தே போறேன்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கோர்ட்டில் வாய்தா கேட்பதுபோலக் கேட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை என்று சம்மதம் வாங்கினேன்.

இனி வரமாட்டோம் என்று அவள் நினைத்ததால், டாக்டருக்குக் கொடுக்க வீட்டுக் கோழி ஒன்றைக் காலைக் கட்டிக் கூடையில் வைத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். நல்ல மழை. ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்தபோது அவள் சீட்டில் சாய்ந்து கிடந்தாள். கூப்பிட்டதும் கண் திறந்தாள். கோழி திறக்கவில்லை.

டாக்டர் அவளை உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்து கூடைக்குள் பார்த்தார்.

“செத்த கோழிக்குக் கொண்டை கறுக்கும். இதுக்குச் செக்கச் செவேல்னு இருக்கே. எங்க வச்சிருந்தீரு?”

“பின்னால, அவ காலடியில.”

“நீரு முன்னாலயா? ஒம்ம பக்கத்துக் கண்ணாடி?”

“தொறந்திருந்தது.”

அவர் கூடையை மூடினார். “ஊசில ஒரு குறையும் இல்ல வக்கீலே. எஞ்சின் புகையைக் குடிச்சுச் செத்தாத்தான் கொண்டை இப்பிடிச் செவக்கும். வண்டிக்கு அடியில குனிஞ்சு பாரும். இன்னும் கொஞ்சம் தூரம் கூடியிருந்தா நீரு ரெண்டு பொணத்தைக் கொண்டு வந்திருப்பீரு.”

திரையைப் பிய்த்தெறிந்தேன். நாலு கண்ணாடியையும் இறக்கி, இருவரும் நனைந்துகொண்டு வீடு வந்தோம். படியேறும்போது அவள் சொன்னாள்: “அடுத்த ஊசிக்கு ஆறு நாள் இருக்கு. அதுக்குள்ள அந்த நாத்தம் போனா வாறேன். இல்லேன்னா விட்டிருங்கோ.” பஸ்ஸில் அந்தக் கூட்டத்தில் அவளைக் கொண்டுபோக டாக்டர் சம்மதிக்கவில்லை. ஆறு நாள்தான்.

மறுநாள் ஒரு கோரம்பாயை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்தேன். பின் சீட்டுக்கு நேர் கீழே சைலன்சர் இருந்தது. அல்லது சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு துரு இருந்தது. மேல் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதற்கு மேலே தரைப்பலகையும் உளுத்துப்போய், கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குக் கீழே, வண்டிச் சட்டத்தின் இடுக்கில், கறுத்துச் சுருங்கிய உருண்டைகள் மூன்று. எடுத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழம். நாற்றம் தாங்காமல் முகர்ந்துகொண்டே வந்திருக்கிறாள். கை சோர்ந்தபோது நழுவி உருண்டிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் மடியில் ஒன்றை முடிந்து எடுத்துப் போயிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். அல்லது, எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று.

பாயில் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். துரு கண்ணில் விழுந்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன்.

சைலன்சரைக் குழாயோடு பிடித்திருந்தவை மூன்று நட்டுகள். இரவெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அடுத்த நாள் முழுக்க ஸ்பேனரோடு மல்லுக்கட்டினேன். இடப்பக்கம் திருகினால் கழலும் என்று தெரியும். ஆனால் நட்டுகள் எனக்கு முதுகு காட்டி இருந்தன. என் இடம் அவற்றுக்கு வலம். பொழுது சாயும்போது ஒரு போல்ட் முறிந்தது. அன்று முழுக்க நான் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாலாம் நாள் மார்த்தாண்டத்திலிருந்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தேன். பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்து நரைத்தவர். படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“யாரு சாரே இதில கை வச்சது?”

“நான்தான்.”

“கோர்ட்டில நாங்க கை வைக்குதோமா?”

பெட்ரோல் டாங்கியை வடித்து, நனைத்த சாக்கை அதன்மேல் போர்த்தினார். ஊதுவிளக்கைப் பற்றவைத்து ஒரு நட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சினார். பிறகு ஸ்பேனரைப் போட்டு, முதலில் ஒரு நூலளவு இறுக்கினார். அப்புறம் கொஞ்சம் இளக்கினார். மறுபடி ஒரு நூல் இறுக்கம், மறுபடி இளக்கல். கீச்சென்று ஒரு சத்தம், நட்டு நகர்ந்தது.

“எடுத்த எடுப்பில இளக்கப் பாத்தா ஒடிஞ்சிரும். துரு பைய நொறுங்கணும், கேட்டியளா.”

இது வாழ்க்கைக்கும் பொருந்தும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையில் தீ இருந்தது. சொல்லவில்லை.

இரண்டாவது நட்டுக்கு மத்தியானம் ஆயிற்று. நான் ஒடித்ததை உளி வைத்து வெட்டினார். அப்படியும் சைலன்சர் வரவில்லை. குழாயோடு ஒட்டிக் கிடந்தது. மரக்கட்டையை அண்டக் கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார், காய்ச்சினார், முறுக்கினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அது பிடியை விட்டு, கரியும் துருவுமாக முற்றத்தில் விழுந்தது.

அவள் நடைவாசலில் வந்து நின்றாள். ஓட்டையைப் பார்த்தாள்.

“இதுவா?”

“இதுதான்” என்றேன். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று எலுமிச்சம்பழங்களையும் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். அதையும் சொல்லவில்லை.

புதுச் சைலன்சர் பூட்டி, பலகை மாற்றி, ஊசி நாள் காலையில் பின் கதவைத் திறந்து நின்றேன். அவள் அதைக் கடந்துபோய் முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது எனக்குத் தெரிந்தது. வண்டியை எடுத்தேன்.

வழியெல்லாம் அவள் கதவுப் பிடியை விடவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குப் பயம். ஆஸ்பத்திரி வாசலில் அவளே இறங்கி, யாரையும் பிடிக்காமல் நின்றாள்.

“தலை வலிக்குதா?” என்றேன்.

“தலை ஒண்ணும் வலிக்கல்ல. நெஞ்சுதான் படபடங்குது. நீங்க இப்பிடியா வண்டி ஓட்டுதிய? திரைக்குள்ள இருந்ததுனால இத்தன நாளும் தெரியல்ல.”